அப்பா குடிக்கவில்லை

கோர்படி, புனே
புதன்கிழமை

அன்பு மகன் கிரேக்குக்கு,

கனடாக் குளிரில் உனக்கும் ஹெலினாவுக்கும் மாதா துணையிருக்கட்டும். ஃபோனில் சொன்னால் அழுது சொதப்பிவிடுவேன் என்றுதான் எழுதி, ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகவே வாசி.

அப்பா குடிக்கவில்லை, மகனே. அவர் குடலில் ஒரு கட்டி. நியூரோ எண்டோக்ரைன் கட்டியாம், வாயில் நுழையாத பெயர். அது ரத்தத்தில் எதையோ சுரந்துகொண்டே இருப்பதால்தான் முகம் செக்கச்செவேல் என்று ஆவதும், பேதியும், மூச்சிழுப்பும். கல்லீரலிலும் பரவியிருக்கிறது.

நாலு வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை. சிவப்புக்குத் தோல் டாக்டர் களிம்பு கொடுத்தார். பேதிக்கு வயிற்று டாக்டர் மனக்கவலை என்றார். இழுப்புக்கு இன்ஹேலர். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. தோல் டாக்டரிடம் போய்ப் பேதியைப் பற்றி எந்த மனுஷன் பேசுவான்? போன மாதம் நம் தெருவுக்குப் புதிதாக வந்த டாக்டர் தீபாதான் அப்பாவை உட்காரவைத்து, எல்லாத்தையும் ஒண்ணா சொல்லுங்க அங்கிள் என்றாள். ஒரு நாள் சிறுநீர் முழுவதையும் கேனில் பிடிக்கச் சொன்னாள். அதை எடுத்துக்கொண்டு கேம்ப்பில் இருக்கும் லேபுக்குப் போகும்போது ரிக்‌ஷாக்காரன் அந்தக் கேனைப் பார்த்து, தேல் ஹை க்யா, எண்ணெயா என்று கேட்டான். அப்பா சிரித்த சிரிப்பு! அப்புறம் ஸ்கேன், பயாப்சி.

நான் செய்ததைக் கேள். பட்டாளத்திலிருந்து ரிட்டயரான மனுஷன், முகம் சிவந்தால் ரம்தான் என்று முடிவு கட்டி, மலிவாக ரம் வாங்கும் மிலிட்டரி கேன்டீன் கார்டை அரிசி டின்னில் ஒளித்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்தேன். வாடையே இல்லை. அப்படியானால் ஓட்கா என்று நினைத்துக்கொண்டேன், பாவி.

உன் கல்யாணத்தில் டோஸ்ட் சொல்ல எழுந்தவர், ஒரு வாய் ஒயின் குடித்ததும் சிவந்துபோனாரே, நீ மைக்கைப் பிடுங்கினாயே. முந்தின நாள் உன் காதில் ஓதியவள் நான். அப்பா திருட்டுத்தனமாகக் குடிக்கிறார், சபையில் கவனமாக இரு என்று. இரண்டு வருஷமாக நீ அவரோடு பேசவில்லை. அவர் உன்னைக் குறை சொன்னதே இல்லை. என் மானத்தைக் காப்பாத்தத்தான் அப்படிப் பண்ணான் ஃப்ளோரா என்கிறார்.

கார்டை ஒளித்ததற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உன் காதில் ஓதியது நான்தான் என்று அவரிடம் சொல்ல மட்டும் எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன். முழுதாகக் குணமாகாதாம். ஆனால் மாதாமாதம் ஊசி போட்டால் பல வருஷம் இருப்பார் என்கிறாள் தீபா. அதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிடு, ராசா. கோபமிருந்தால் என்னோடு பேசாமல் இரு, எத்தனை வருஷமானாலும் சரி. ஃபோனை நான் எடுத்தால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அப்படியே அவர் கையில் கொடுத்துவிடுகிறேன்.

ஆண்டவர் உன்னை ஆசீர்வதிக்கட்டும்.

உன் அம்மா,
ஃப்ளோரா