வீடு இருந்த இடத்தில் பாத்திகள்

அன்பு மகள் சிகுசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சப்போரோவில் அந்தப் பனியில் வழுக்கி விழாமல் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜனவரி பத்தொன்பதாம் தேதி நம் ஊர் வீட்டை இடித்துவிட்டார்கள். காலையில் இயந்திரம் வந்தது, மூன்று நாளில் தரை. அணு உலை வெடித்து ஊரைவிட்டு ஓடிவந்து பத்து வருஷத்தில் எலியும் காட்டுப்பன்றியும் குடியிருந்த வீடுதானே என்று நீ சொன்னாய், நியாயம்தான். எனக்கு அழுகை வரவில்லை. வண்டியில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்று உருண்டை இரண்டையும் தின்றேன், அப்பாவுடையதையும் தின்றேன். அவர் வாயைத் திறக்கவேயில்லை. இப்போது இருக்கும் வீட்டுக்கு வந்தும் அப்படித்தான், டிவி ஓடும், எதிரே உட்கார்ந்திருப்பார், என்ன ஓடுகிறது என்றுகூட அவருக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட சுகேனோ அம்மாள்தான் அந்த நிலத்தில் பூ போடச் சொன்னாள். "காய் போட்டா எந்த ஊர்ல விளைஞ்சதுன்னு கேட்பாங்கடி மசுயோ, பூவ யாரும் வாயில போட்டுக்க மாட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கு ஆசை என்றெல்லாம் இல்லை, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ரோஜா மாதிரி மலரும் தோருகோ கிக்யோவுக்கும் தங்கமீன் பூவுக்கும் விதை வாங்கினேன். தங்கமீன் விதை விதையே இல்லை, தூசு. பல்குத்தும் குச்சியின் நுனியை நனைத்து ஒவ்வொன்றாக எடுத்து மண்மேல் வைக்க வேண்டும், மேலே மண் போடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தண்ணீரும் அடித்தட்டில்தான் ஊற்ற வேண்டும். ஜன்னலோரம் சூடேறும் கம்பளத்தை விரித்து அதன்மேல் தட்டுகளை வைத்திருக்கிறேன். பத்தாம் நாள் முளைத்தது. கிக்யோ முளைத்த பிறகும் ஒரு மாதமாக அப்படியே நிற்கிறது, செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று தெரியவில்லை, நான் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். பிழைத்தால் ஆகஸ்டில் முன்னோர் நாளுக்குக் கல்லறையில் வைக்கப் பூ இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பாத்திக்கு அளவெடுக்கப் போனோம். கதிர்வீச்சு படிந்த மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு மலைமண் கொட்டியிருக்கிறார்கள், வெளிறிப்போய் ஒரே கல். கடல் காற்று முகத்தை அறைந்தது. நான் கயிறும் முளைக்குச்சியுமாக முன்னால் போய்விட்டேன், திரும்பிப் பார்த்தால் அப்பா வாசல் இருந்த இடத்தில் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். கழற்றி, வெளியே பார்த்த மாதிரி ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு, வெறும் சாக்ஸோடு அந்த ஈரமண்ணில் உள்ளே வந்தார். "என்னங்க பண்றீங்க, கால் விறைச்சுப்போயிடும்" என்று கத்தினேன். "நீயும் கழட்டு, உள்ளயெல்லாம் சேறாயிடும்" என்றார். ஒன்றரை மாதத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான் சிகுசா. அவருக்கு மூளை கலங்கிவிட்டதோ என்ற பயம்கூட எனக்கு வரவில்லை, ஒன்றுமே வரவில்லை. நானும் கழற்றினேன். குளிர் முழங்கால் வரை ஏறியது. அவர் கை நீட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார், இங்கே கூடம், இங்கே குளியலறை, ஓரிடம்கூடத் தப்பவில்லை. சமையலறையில் நின்று அடுப்பு இருந்த பக்கம் வெகுநேரம் பார்த்தார். பிறகு "இங்க போடு, இங்கதான் வெயில் நல்லா விழும்" என்று சொல்லி அவரே முதல் குச்சியை அடித்தார். கூடத்தில் ஒரு பாத்தி, சமையலறையில் இரண்டு. சாக்ஸைக் குப்பையில் போட்டேன், கழுவிப் பயனில்லை. வரும்போது வண்டியில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு நூடுல்ஸ் கடையில் நிறுத்தச் சொன்னார், முழுக் கிண்ணமும் சாப்பிட்டார்.

உன் அறையில் மட்டும் அவர் கயிறு கட்டவிடவில்லை. "அவ ரூம், அவளத்தான் கேட்கணும்" என்கிறார். இதைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ அந்த ஊருக்கு வரவே மாட்டேன் என்று சொன்னதை மறக்கவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. உங்கள் இருவருக்கும் எந்தக் குறையும் வராதிருக்கட்டும், வேளைக்குச் சாப்பிடு. மார்ச் முடிவதற்குள் விதைத்தாக வேண்டும், உன் அறைக்கு என்ன பூ வேண்டும் என்று ஒரு வரி எழுது. ஒன்றும் வேண்டாம் என்றால் அதையும் எழுது, சும்மா விட்டுவைக்கிறோம்.

உன் அம்மா
மசுயோ