கிழவனின் ஒரு துண்டு

மே 6
முதுகுப் பிடிப்புக்கு லீவு போட்டுவிட்டு இன்றுதான் காட்டுக் காவலுக்குத் திரும்பினேன். கிழவனைக் காணோம்! முந்நூறு வயது, பல வருஷம் பட்டுப்போய் நின்று, போன மழையில் விழுந்து கிடந்த மரம். அடிப்பக்கம் மட்டும் மிச்சம்.

எனக்குப் பதிலாக வேலை பார்த்த மச்சினன் பல்லைக் காட்டுகிறான். "அழுகிக் கிடந்துச்சு மாமா. அறுத்து உங்க வீட்டுக்குப் பின்னாடி அடுக்கிட்டேன். அடுப்புக்கு ஆச்சு!"

தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினேன். முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது.

மே 7
வண்டு ஆராய்ச்சி செய்யும் மேடம் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "செத்த மரத்துலதாங்க இந்தக் காட்டுல பாதி உயிர் இருக்கு. மீசை வண்டுப் புழு அதுக்குள்ளதான் வருஷக்கணக்கா வளருது" என்றார். அந்த வண்டு கண்ணில் பட்டால் இந்தப் பக்கம் காடாகவே இருக்கும். இல்லையென்றால் கார் நிறுத்துமிடம். அதிகாரி இடத்தை அளந்து முளைக்குச்சியே அடித்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் பூச்சிக்குப் பயந்து ஓடியவன் நான். இப்போது பூச்சிக்காகப் பயப்படுகிறேன்.

மே 9
துண்டுகளைத் தள்ளுவண்டியில் திரும்பக் காட்டுக்குக் கொண்டுபோய் அழகாக அடுக்கினேன். "அடுக்காதீங்க, மண்ணுல கெடக்கட்டும்" என்றார் மேடம். நான் சட்டையைக் கழற்றிக் கீழே போட்டால் மட்டும் வீட்டில் ஏன் யாரும் இப்படிச் சொல்வதில்லை?

ஒரு துண்டு வரவில்லை. மனைவி அதில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டுகிறாள். "எனக்குன்னு ஒரு முக்காலி இருக்கக்கூடாதா?" காலே இல்லாத முக்காலி. மனுஷன் எத்தனை பக்கம்தான் சண்டை போடறது?

மே 20
வண்டு ஒன்றும் கண்ணில் படவில்லை.

ஜூன் 2
இன்றும் இல்லை. "வண்டு வருமா, வண்டிய வரச் சொல்லவா?" என்கிறார் அதிகாரி. சிரித்துவைத்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன் — கொஞ்சம் பலமாக.

ஜூன் 11
மனைவி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. முக்காலியிலிருந்து மீசையோடு ஒன்று எட்டிப் பார்க்கிறது! சட்டியால் மூடிவிட்டு நாற்காலிமேல் ஏறி நிற்கிறாள்.

சேதி கேட்டு வந்த அதிகாரி சொல்கிறார்: "உங்க வீட்டு வண்டுக்கும் எங்க காட்டுக்கும் என்ன சம்பந்தம்? எந்த மரத்துக் கட்டையோ!"

அடப்பாவி! நான் என்ன விறகுக்கடையா வெச்சிருக்கேன்? ஆத்திரத்தில் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன்.

ஜூன் 12
முக்காலியைக் கிழவனின் அடிமரத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கச் சொன்னார் மேடம். மச்சினனுக்கு நேராக அறுக்க வராது. பாம்பு போன தடம் மாதிரி வெட்டு. அந்த வளைவில் இந்த வளைவு, பாத்திரத்தில் மூடி போல உட்கார்ந்தது. அதிகாரி சுற்றிச் சுற்றி வந்தார்.

"பாத்தீங்களா மாமா, என் கைவண்ணம்!"

இவனைத் திட்டவும் முடியவில்லை.

ஜூன் 24
கார் நிறுத்துமிடம் ரத்து. முளைக்குச்சிகளைப் பிடுங்கினேன். குனிந்து குனிந்து முதுகு போயிற்று.

முக்காலி காட்டிலேயே தங்கிவிட்டது. மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று செருப்பு மாட்டுகிறாள். காலுக்கு ஒரு திட்டு வீதம், எனக்கு.