என் போனில் அவன் விரல்

3 நவம்பர், திங்கள்

தினேஷ் என் போனைப் படிக்கிறான். சந்தேகம் இல்லை. படிக்கிறான். இனி இங்கே அவன் தி. மட்டும்தான். முழுப் பெயர் எழுதும் மரியாதை இன்றைக்கு இல்லை.

காலையிலிருந்து மழை. கிள்ளானில் கொமுட்டர் ரயில் தாமதம். ஷா ஆலம் தாண்டியும் உட்கார இடமில்லை. யாருடைய குடையோ என் காலணிக்குள் ஒழுகிக்கொண்டே வந்தது.

ரயிலில் கஸ்தூரியின் மெசேஜ்: "என்னாடி, நேத்து அனுப்புன வாய்ஸை கேட்டுட்டு ஒரு பதிலும் போடல? பயந்துட்டேன்."

நான் கேட்கவே இல்லை. திறந்து பார்த்தால் கேட்டு முடித்ததற்கான நீல மைக். அனுப்பியது ஞாயிறு மதியம். ஞாயிறு மதியம் என் போன் செந்தூலில், தி. வீட்டு ஹாலில், டிவி பக்கத்தில் சார்ஜில் இருந்தது. நான் அடுப்படியில் அவன் அம்மாவோடு நண்டு கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்டேன். "ரூம் கெடச்சிருச்சுடி. காஜாங்ல, எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கம். கீழ டோபி கடை, மேல நான். ஜன்னலத் தொறந்தா சாத்தே எறச்சி சுடுற பொகை. யார்கிட்டயும் சொல்லிராத, சரியா?"

சந்தோஷமான குரல். ரொம்ப நாள் கழித்து.

கஸ்தூரி என் பள்ளித் தோழி. தீபாவளி முடிந்த கையோடு புருஷன் பிரபுவை விட்டு வெளியே வந்தவள். வீங்கிய கையும் ஒரு பையும். போலீஸ் ரிப்போர்ட் போட்டிருக்கிறாள். பிரபு வாராவாரம் தி.யோடு ஃபுட்சால் ஆடுகிறவன். அதனால்தான் அவளைப் பற்றி தி.யிடம் நான் வாயே திறப்பதில்லை.

வாய் திறக்காமல் என்ன பயன்? போன் திறக்கிறது.

அவன் விரல் ரேகை என் போனில் இருக்கிறது. திருட்டுத்தனமாக வைத்ததில்லை, ஊரே பார்க்க வைத்தது. ஆவணியில் நிச்சயதார்த்தம். மோதிரம் மாற்றியதும் தி.யின் அக்கா வாணி மைக்கைப் பிடுங்கி, "மோதிரம்லாம் பழைய கதை லா! இப்ப ரேகை மாத்தணும்!" என்றாள். இந்தப் பக்கம் இப்போது எல்லா நிச்சயத்திலும் இந்த விளையாட்டுதான். மாப்பிள்ளை விரல் பெண்ணின் போனில், பெண்ணின் விரல் மாப்பிள்ளை போனில். அவன் விரலில் சந்தனம், போன் ஏற்கவில்லை. வேட்டியில் துடைத்துத் துடைத்து வைத்தான். ஹாலே கைதட்டியது. நானும் சிரித்தேன். வீடியோவில் இருக்கிறது.

அந்த ரேகையை இப்போதே அழிக்கலாம். அழித்தால் "ஏன் அழிச்ச?" என்று கேள்வி என் பக்கம் திரும்பும். படித்தவனிடம் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

4 நவம்பர், செவ்வாய்

வெயில். வாங்க வேண்டியது: அம்மாவுக்குத் தைலம், சேலை பின், ரயில் கார்டுக்கு ரீலோட்.

நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் கூட்டம். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் அத்தனை பல்லும் இன்றைக்கே வலித்தது போல. நடுவில் ஒரு ஆள் போனில்.

"ஏம்மா, என் வைஃப் இன்னிக்கு அங்க வந்தாளா? எத்தன மணிக்குப் போனா?"

"சொல்ல முடியாது அங்கிள்."

"நான் புருஷன் லா!"

"அவங்ககிட்டயே கேளுங்க அங்கிள்."

"பல்லு பாக்குற எடத்துல என்னா பெரிய ரகசியம்?" வைத்துவிட்டார்.

முன்பின் தெரியாத ஒருத்தியின் கடைவாய்ப் பல்லைப் பற்றி அவள் புருஷனிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சரியான விதி. சொன்னால் வேலை போகும். என் தோழியின் வாசற்படியை என் போன் சொல்லிவிட்டது, யாருக்கும் எதுவும் போகவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "கட்டிக்கப் போறவன் போனைப் பாத்தா என்னம்மா?"

"பாக்கட்டுமே. ஒளிக்க என்ன இருக்கு?"

"அப்ப அலமாரி சாவிய ஏன் இடுப்புலயே முடிஞ்சி வச்சிருக்கீங்க? அப்பா என்ன திருடனா?"

"அது வேற." எழுந்து போய்விட்டாள். தீபாவளி முறுக்கு டின்னை உருட்டும் சத்தம். டின்னுக்குள் தூள்தான் மிச்சம்.

என் விரலும் அவன் போனில் இருக்கிறது. ஒரு தடவைகூட வைத்ததில்லை. நான் உத்தமி என்பதால் இல்லை. பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கத் தோன்றாததற்குத்தான் நம்பிக்கை என்று பெயர் என்று நினைத்திருந்தேன். அவனுக்கு நம்பிக்கை என்றால் கதவில்லாத வீடு. அந்த வீட்டில் உடை மாற்றப் போகிறவள் நான்.

5 நவம்பர், புதன்

மதியத்துக்கு மேல் இடி மழை.

பிரபு காஜாங் போய்விட்டான்.

கஸ்தூரி தாடிகாவில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துவிட்டு வந்திருக்கிறாள். டோபி வாசலில் அவன் மோட்டர் பைக். தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்து அப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குள் போய்விட்டாள். பிளாட்பாரத்திலிருந்து எனக்குப் போன்.

"டோபி அண்ணன் மெசேஜ் போட்டாருடி. 'பாஸ், மேல என் பொண்டாட்டி, சின்ன சண்டைதான்'னு சொன்னானாம். கையில ரோஜாப்பூ வேற. பூ, தெரியுமா!"

சிரித்தாள். பிறகு கேட்டாள்:

"மாலி, நீ யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் இல்லடி."

"ஒன்னத் தவிர யாருக்கும் தெரியாது."

"நான் சொல்லல."

உண்மை. ஆனாலும் பொய் சொல்கிறவள் குரல்தான் வந்தது. ரயில் வந்துவிட்டது, வைத்துவிட்டாள். தாடிகாவில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி வீட்டில் இன்றைக்குப் படுக்கிறாள்.

திங்களன்றே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். தி. சும்மா ஆசைக்குப் படிக்கிறான் என்று நினைத்தேன். படிக்கிறவன் பரிமாறவும் செய்வான் என்று தோன்றவில்லை.

பிரபு வீட்டிலும் ஒரு விதி இருந்தது. சாப்பாடு ஆனதும் அவள் போன் ஃப்ரிட்ஜ் மேல். அவன் பார்த்து முடித்த பிறகுதான் கைக்கு வரும். ஆரம்பத்தில் அதையும் அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "பாசம்டி" என்றாள்.

6 நவம்பர், வியாழன்

மதியம் தி.யை வரச் சொன்னேன். பிஜேயில் இருக்கும் ஆபீஸிலிருந்து வந்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் வழக்கமான வாழையிலைக் கடை. அவனுக்கு மட்டன் வறுவல். எனக்கு ரசம்கூட இறங்கவில்லை. கல்யாண மண்டபத்து ஏசி பற்றிப் பேசினான். இலையை மடித்தான். கை கழுவப் போனான்.

அவன் போன் மேசையில், டம்ளர் பக்கத்தில்.

எடுத்தேன். என் கட்டைவிரலில் ரசம். டிஷ்யூவில் துடைத்தேன். நன்றாகத் துடைத்தேன். ஒரு தொடுதல் போதும், எல்லாம் தெரிந்துவிடும்.

வைக்கவில்லை. வைத்தால் அவனைக் கேட்க எனக்கு வாய் இருக்காது. வைக்காவிட்டால் கேட்டாலும் "இல்லை" என்றுவிடுவான். இரண்டுக்கும் நடுவில், கறுப்புத் திரையில் என் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசிங்கமாக இருந்தது.

திரும்பி வந்தான். என் கையைப் பார்த்தான். நின்றுவிட்டான்.

"பாத்துட்டியா?"

போனை மேசையில் வைத்தேன்.

"சரி லா. நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் அழுதான் மாலி. வெளையாட்டு முடிஞ்சி என் கார்ல ஒக்காந்து சின்னப் புள்ள மாரி அழுதான். ஒரு குடும்பம் ஒடையுறத வேடிக்க பாக்கச் சொல்றியா?"

"அவ கை?"

"ஒரு தடவ. கோவத்துல."

"என் போனை எத்தன தடவ?"

"என்னா ஒன் போன், என் போன்? நம்ம போன் லா. மறைக்க என்னா இருக்கு?"

"இது ஒனக்கும் எனக்கும் நடுவுல இல்ல தினேஷ். அது அவ சொன்னது. அவ விரல் எங்க இருக்கு இதுல?"

புரியவில்லை அவனுக்கு. நிஜமாகவே புரியவில்லை. போனை அவன் பக்கம் தள்ளினேன். "நான் இதைத் தொறக்கல."

"சும்மா சொல்லாத."

"தொறக்கல."

"கையில வச்சிட்டு யாராச்சும் தொறக்காம இருப்பாங்களா?"

பரிமாறுகிற அண்ணன் மோர் வேண்டுமா என்று கேட்டார். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். ஒற்றுமை.

திரும்பி கிளினிக் வரை நடந்தபோது நினைத்தேன். அவன் பிரபுவிடம் சொன்னது ஒரு பக்கம். திறக்காத ஒருத்தியை அவனால் நம்பவே முடியவில்லை. தை மாதம் நான் கட்டிக்கொள்ளப் போவது அந்த நம்பாத மனசைத்தான்.

7 நவம்பர், வெள்ளி

தூறல். கல்யாணச் சேலைக்கான ரத்தச் சிவப்பு ஜாக்கெட் தையல்காரியிடம். வாங்கி வரவில்லை.

கஸ்தூரியிடம் எல்லாம் சொன்னேன். சந்தனம் துடைத்த கதையிலிருந்து.

"வேற எடம் பாத்துட்டேன்டி."

"எங்க?"

"சொல்ல மாட்டேன். கோவம்லாம் இல்ல. ஒன்கிட்ட சொன்னா அது ஒன்கிட்ட மட்டும் இருக்காது."

பள்ளிக்கூட நாளிலிருந்து எனக்குத் தெரியாத ரகசியம் அவளிடம் இல்லை. இப்போது அவள் எந்த ஊரில் தூங்குகிறாள் என்று தெரியாது. என்னை நானே பிரபுவோடு சேர்த்து ஒரே வரிசையில் நிற்க வைத்துவிட்டேன். அவள் பயப்பட வேண்டிய ஆட்கள் வரிசையில்.

அம்மாவிடமும் சொன்னேன். கஸ்தூரியின் கையைப் பற்றி இவ்வளவு நாள் சொல்லியிருக்கவில்லை. அம்மா சாவிக்கொத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு: "ஞாயித்துக்கெழம செந்தூலுக்கு நானும் வரேன்."

9 நவம்பர், ஞாயிறு

செந்தூல். வெளியே வெயில், ஹாலில் திரைச்சீலை இழுத்து இருட்டு. வாணி அக்கா கல்யாணத்தன்று மண்டபத் திரையில் போட நிச்சய வீடியோவை டிவியில் ஓட்டிக்கொண்டிருந்தாள். மோதிரம். சிரிப்பு. வேட்டியில் விரல் துடைக்கும் தி.

"இத கண்டிப்பா போடணும் லா!" என்றாள்.

ரிமோட்டை எடுத்து நிறுத்தினேன். கைதட்டல் பாதியில் நின்றது.

நடந்ததைச் சொன்னேன். கத்தவில்லை. காஜாங், டோபி, ரோஜாப்பூ. அத்தை தன் மகனைப் பார்த்தாள், பிறகு என்னை. "அவன் நல்லது நெனச்சிதானம்மா செஞ்சான்."

"நாளைக்கி புருஷன் பொண்டாட்டி ஆகப் போறவங்களுக்குள்ள லாக் எதுக்கு?" இது வாணி.

அம்மா அப்போதுதான் வாய் திறந்தாள். "அந்தக் கஸ்தூரிப் புள்ள இவங்க ரெண்டு பேருக்குள்ளயும் இல்லயே வாணி."

தி. கால் விரலால் கம்பளத்து ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான்.

என் போனைத் தேநீர் மேசையில் அவன் முன்னால் வைத்தேன். பூட்டித்தான் வைத்தேன். அவன் ரேகையை நான் இன்னும் அழிக்கவில்லை. இதற்காகத்தான்.

"ஒனக்குத்தான் தொறக்கத் தெரியுமே. எல்லாரும் பாக்கத்தான வெரல வச்ச. எல்லாரும் பாக்கத் தொற. கஸ்தூரிக்கு கால் பண்ணு. 'நான்தான் சொன்னேன்'னு சொல்லு."

அவன் வலது கை, விரல்களை மடக்கிக்கொண்டு, கால்சட்டைப் பைக்குள் போனது.

"தொற, தினேஷ்."