ஏரித்துறை விளக்கு ஏறாத ஒரு மாலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்து கோழி கிளறியது போல் இருக்கும், வரியும் ஏறி இறங்கும், பொறுத்துக்கொள். இதுவரை மருந்துக்கடைக்காரர் எழுதித் தந்தார், இது முழுக்க என் கை. மூன்று நாளாக எழுதுகிறேன், "எழுதறீங்களா, கிணறு வெட்டறீங்களா" என்று அம்மா கேலி செய்கிறாள்.

நம் ஏரித்துறைக் கலங்கரை விளக்கத்துக்கு நூறு வயதாம். துறைமுக அலுவலகத்தில் அதன் வரலாற்றைப் பலகையில் எழுதி வைக்கிறார்கள். முதலில் மரக்கூண்டில் எண்ணெய் விளக்கு, அது தீப்பிடித்த பிறகு கல் கோபுரம், அதில் நான் விளக்கேற்றிய முப்பத்தோரு வருடம், இப்போது தானாக எரியும் மின்விளக்கு, எல்லாம் வருகிறது. என் பெயரும் இருந்தது. அலுவலகத்து அம்மா தாளைக் கொடுத்து, சரி என்று கையெழுத்துக் கேட்டார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். கல் கோபுரத்தில் ஒரு மாலைகூட விளக்கு ஏறாமல் இருந்ததில்லை என்று ஒரு வரி. பதிவேட்டைப் பார்த்து எழுதினார்களாம். அந்தப் பதிவேட்டில் நான் எழுதத் தெரியாமல் நாளுக்கு ஒரு வட்டம் போடுவேன், அதுவும் மாதம் பிறந்ததும் முப்பதையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துவிட்டேன், விளக்கு ஏறவில்லை. மழைமூட்டத்தில் கரை தெரியாமல் நம் படகுக்காரர் ஏழு பேரோடு காலைவரை ஏரி நடுவே கிடந்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "பொண்ணு பொறந்தவன என்னத்தச் சொல்றது" என்று அவரும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டார். இதைச் சொன்னதும் அலுவலகத்து அம்மா, "விடுங்க ஐயா, எழுதினா மேல உள்ளவங்க உங்க பேரையே எடுத்துருவாங்க" என்றார். எனக்கும் பெயர் மேல் ஆசைதான், பொய் சொல்வானேன். ஆனாலும் எழுதப் படிக்கத் தெரிந்த பிறகு போடுகிற முதல் கையெழுத்து, அதைத் தெரிந்தே தப்புக்குக் கீழே போட மனம் வரவில்லை. அந்த வரியை அடித்து, ஒரு மாலை விளக்கு ஏறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இன்று காலை பலகையை மாட்டினார்கள். நான் எழுதிய வரி இருக்கிறது, ஆனால் என் பெயர் இல்லை, விளக்குக் காவலர் ஒருவர் என்றுதான் இருக்கிறது. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். படகுக்காரர் வந்து, "எங்கடா நாங்க கெடந்த கத, வாசி பாப்போம்" என்றார், அவருக்குப் படிக்கத் தெரியாது. மேலிருந்து கீழ்வரை முழுவதும் வாசித்தேன், ஓரிடத்திலும் திக்கவில்லை. வழியில் போனவர்களும் நின்று, முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மாடிப்படியில் பார்த்து இறங்கு, நேரத்துக்குச் சாப்பிடு. இருவரும் நீடூழி நன்றாக இருங்கள். விரல் வலிக்கிறது, மீதியை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா