வாயு என்று சொன்னது நான்தான்

11.2.2008
ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு நாள். நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டதாம். ஊசி போட்டுக் கரைத்தார்களாம். கைருன்னிசா உப்பில்லாக் கஞ்சி கொடுத்தாள். "இதக் குடிக்கவா என்னயப் பொழைக்க வச்சாக?" என்றேன். என்னோடு நாற்பத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள், சிரிக்கவே இல்லை.

13.2.2008
தேனி ஆஸ்பத்திரி மேனேஜர் வைகுண்டராஜ் போன் செய்தார். தரச் சான்று வாங்கப் போகிறார்களாம். நெஞ்சுவலி என்று வந்தால் பத்து நிமிடத்தில் ஈசிஜி எடுத்தாக வேண்டும்; எனக்கு ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. "வாசல்ல ஒங்கள விசாரிச்ச நர்ஸ் சொர்ணலதா சரியாக் கவனிக்கலைன்னு எழுதியிருக்கோம் பாய். ஒரு கையெழுத்துப் போடுங்க, பிள்ளைய வேலைய விட்டு நிப்பாட்டிருவோம்."
யோசிக்கிறேன் என்றேன். இதில் என்ன யோசனை?

14.2.2008
வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். "டாக்டர் நடக்கச் சொன்னாக, வீட்ட அளக்கச் சொல்லல" என்றாள் கைருன்னிசா.

15.2.2008
எழுதித் தொலைக்கிறேன். அன்று காலை அந்தப் பிள்ளை ஒழுங்காகத்தான் கேட்டது. "நெஞ்சு வலிக்குதா பாய்?"
"வலியா? நேத்துத் தின்ன பிரியாணி வெளிய வர வழி கேக்குது ஆத்தா."
சிரித்தது. "கை கடுக்குதா?"
"இவ கிள்ளுன எடம்" என்று கைருன்னிசாவைக் காட்டினேன்.
மறுபடியும் சிரித்தது. சீட்டில் வாயு என்று எழுதி வரிசையில் உட்காரவைத்தது.
உள்ள அம்மிக்கல்ல ஏத்தி வச்ச மாதிரி இருந்துச்சே, ஏன்டா சொல்லல? கைருன்னிசா பக்கத்துல நின்னா. அவ அழுதா எனக்குத் தாங்காது. அதான் — வேற ஒண்ணுமில்ல.

18.2.2008
கைருன்னிசாவும் நானும் பஸ் ஏறித் தேனி போனோம். "பொய் சொன்னது நான்" என்றேன். வைகுண்டராஜ் விடவில்லை. "நீங்க என்ன சொன்னாலும் அவ ஈசிஜி எடுத்திருக்கணும் பாய்."
"அப்பிடின்னு அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தாக? எங்கன எழுதி ஒட்டியிருக்கீக?"
சுவரைப் பார்த்தார். பல் டாக்டர் வரும் நாள்தான் ஒட்டியிருந்தது. நான் சொன்னதை எழுதித் தரச் சொன்னார். நாலாங்கிளாஸ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.
திரும்பும்போது சின்னமனூரில் கைருன்னிசா என் கையைப் பிடித்தாள். பிறகு, "ஒங்க கை அன்னைக்கே சில்லுன்னு இருந்துச்சு. நீங்க சிரிச்சீக, நானும் நம்புன மாதிரி இருந்தேன்" என்றாள்.

10.3.2008
மறுபரிசோதனை. சொர்ணலதா அதே இடத்தில்தான். நாங்கள் நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை எழுதியது.
"என்ன செய்யுது பாய்?"
கைருன்னிசா பக்கத்தில் நின்றாள்.
"படி ஏறுனா நெஞ்ச அமுக்குது ஆத்தா" என்றேன்.
நாலே நிமிடம். படுக்கவைத்து ஒயரை ஒட்டிவிட்டது. கைருன்னிசா அழுதாள்.
அழட்டும்.