அம்மாவைச் சொல்லிக் குறைத்த விலை

19.5.85, ஞாயிறு
விழுப்புரம்

திண்டிவனத்தில் ஒரு வாத்தியாருக்குக் கார் பதிவு செய்தவர்களுக்கான குலுக்கலில் புது கார் விழுந்திருந்தது. அதை எனக்கு விட்டுக்கொடுக்க, கம்பெனி விலைக்கு மேல் பத்தாயிரம் கேட்டார். எவ்வளவு பேசியும் இறங்கவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தாள். வாயில் வந்த பொய்யைச் சொன்னேன்.

“இவங்களுக்கு நெஞ்சு வலிங்க சார். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவத்தான் கார்.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நன்றாக நடிக்கிறாள் என்று நினைத்தேன். அவர் அவளையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ரெண்டாயிரம் போதும்” என்றார்.

பஸ் விக்கிரவாண்டி தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

“எனக்கு நெஞ்சு வலின்னு உனக்கு யாருடா சொன்னது? நான் யாருகிட்டயும் சொல்லலியே.”

“பார்த்தா தெரியாதாம்மா” என்றேன்.

அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.