என் தண்டிலிருந்து எடுப்பார்களாம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து சாரல். யூனிஃபார்ம் காயவில்லை. கணக்கு டெஸ்ட் 19/25. யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா குற்றாலத்திலிருந்து மங்குஸ்தான் பழம் வாங்கி வந்தார். அம்மா ஒவ்வொன்றாக உடைத்து அக்கா வாயில் கொடுத்தாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழேதான் அசைவு வராது. கை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு இரண்டு. ஒன்று அழுகல்.

அப்பா சவூதியிலிருந்து போன். அக்காவோடு இருபது நிமிடம். என்னிடம், "நல்லாப் படி."

பிறகு சித்தப்பா ஒரு வீடியோ காட்டினார். முதுகில் அடிபட்ட ஒருவர் கம்பியைப் பிடித்து நடக்கிறார். ஸ்டெம் செல் போட்டார்களாம்.

"மதினி, கூடப்பொறந்தவகிட்ட எடுத்தா நல்லாப் பொருந்துமாம்லா."

அம்மா என்னைப் பார்த்தாள். அக்கா விழுந்த பிறகு இந்த இரண்டு வருஷத்தில் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

ஜூலை 9, புதன்

அறிவியல் புத்தகம். ஸ்டெம் = தண்டு. ஸ்பைனல் கார்டு = தண்டுவடம். அக்காவுக்கு அடிபட்டதும் தண்டுவடம்தான். அப்போ தண்டு செல் என் முதுகில்தான் இருக்கும். ஊசி குத்தி எடுப்பார்கள். எடுத்த பிறகு நான்?

ஸ்கூலில் பக்கத்தில் உட்காரும் பாத்திமாவிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "முதுகுல ஊசி போட்டா காலு வராதுட்டி. எங்க மாமிக்கு ஆபரேஷன் அன்னைக்கு கட்டை மாதிரி கெடந்துச்சு" என்றாள்.

குளிக்கும்போது கால்விரல்களை மடக்கிப் பார்த்தேன். பத்தும் மடங்குகிறது.

அக்காவுக்குப் போனவை:
ஜன்னல் பக்கக் கட்டில்.
என் பிறந்தநாள் (அன்றைக்கு பிசியோ).
அம்மா.
இப்போ முதுகு.

அன்றைக்கு அக்கா ஐந்தருவிக்குக் காலேஜ் பிள்ளைகளோடு போனாள். நானும் வாரேன் என்று அழுதேன். கூட்டிப் போகவில்லை. பாறையில் வழுக்கி விழுந்தது அவள். நான் ஏன் கொடுக்க வேண்டும்?

இதை எழுதியிருக்கக் கூடாது. அம்மா பார்த்தால் செத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

ஸ்கூலுக்கு லீவ். எல்லோரும் திருநெல்வேலி, டாக்டரிடம். காரில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து தலை பின்னிவிட்டாள். ஆலங்குளத்தில் எனக்கு மட்டும் பன்.

அக்கா: "என்னம்மா, கோயில் கெடாவுக்கு மாலை போடுத மாதிரி கவனிக்கே?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் மீதி பன்னைக் காகிதத்தில் சுற்றி வைத்தேன்.

டாக்டரம்மா சொன்னது: "கூடப்பொறந்தவங்க யாரும் வேண்டாம்மா. பெரும்பாலும் அடிபட்டவங்களோட இடுப்பெலும்புலேருந்தே எடுப்பாங்க. அதுவும் இன்னும் ஆராய்ச்சிதான். நடந்துருவாங்கன்னு யாராவது உறுதியாச் சொன்னா நம்பாதீங்க."

சித்தப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். அக்காவை ஆராய்ச்சியில் சேர்க்க முடியுமா என்று எழுதிக் கேட்பாராம்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் திரும்பும்போது அம்மா பின் சீட்டில் அக்காவோடு. நான் முன்னால். என் முதுகு யாருக்கும் வேண்டாம். சந்தோஷப்பட வேண்டும். சுரண்டை ரோடு பிரிகிற விலக்கு வரை அழுகை. அவள் இடுப்பெலும்பின் மேல்கூடப் பொறாமை. எனக்கு என்ன வியாதி?

ஜூலை 12, சனி

வெயில். அம்மா கடைக்கு. அக்கா கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா. நாலு நாளா ஒங் கால்விரலையே பாத்துக்கிட்டு இருக்கே. ஒங்கிட்ட எடுப்பாங்கன்னு பயந்தியா?"

தலையாட்டினேன்.

"எடுத்தா நடக்க வராதுன்னு நெனச்சியா?"

அதற்கும். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. போர்வையைச் சரிசெய்தாள்.

"சரி, நெசமாவே அப்படித்தான்னா? நான் கேட்டிருந்தா குடுத்திருப்பியாட்டி?"

"பால் பொங்குது" என்று எழுந்து ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை.